அஸம்ப்ஷன் தீவும் ழோழோ என்ற மீனும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் செய்தித்தாள்களில் அஸம்ப்ஷன் என்றொரு தீவின் பெயர் அடிபட்டது நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். இந்தியப் பெருங்கடலில், செஷல்ஸ் நாட்டுக்குச் சொந்தமான தீவு. அங்கே நம் கடற்படைக்குச் சில வசதிகள் அமைத்துக்கொள்ள 2015-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 2018 ஜனவரியில் அதைத் திருத்தி மறுபடியும் கையெழுத்திட்டார்கள். செஷல்ஸ் மக்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. அந்நாட்டு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. பேச்சு அத்துடன் ஓய்ந்தது.

எனக்கு அந்தத் தீவின் பெயர் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பழக்கம். ஒப்பந்தத்தால் அல்ல, ஒரு மீனால். அந்த மீனின் பெயர் ழோழோ. அதைப் படம் பிடித்தவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக்-ஈவ் குஸ்தோ. இன்று அந்தமானிலும் லட்சத்தீவிலும் ஏன், நம் புதுச்சேரிக் கடலிலுமே இளைஞர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஸ்கூபா என்று குதிக்கிறார்களே, அந்தக் கருவியை உலகுக்குத் தந்த இருவரில் ஒருவர். அவரும் அவருடைய ஆட்களும் அந்த வெப்பக் கடலில் என்ன பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணம்.

முதலில் தீவைப் பற்றி. மொரீசியஸிலிருந்து புறப்பட்ட மோர்ஃபே என்ற கப்பல் தலைவர் 1756-ல், மாதாவின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டி அதைக் கண்டதால் அந்தப் பெயர். பன்னிரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பவளத் தீவு அது. செஷல்ஸின் தலைமைத் தீவான மாஹேயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் கிடக்கிறது. அந்த மாஹேக்குப் பெயர் கொடுத்தவர் மாஹே த லபூர்தொனே. 1746-ல் சென்னைக் கோட்டையைப் பிடித்து, பிறகு துய்ப்ளேக்ஸோடு சண்டை போட்டாரே, அதே மனிதர்தான். நம்மூரில் அவர் பெயரில் ஒரு வீதியே இருக்கிறது. 1770-ல் செஷல்ஸில் முதன்முதலாகக் குடியேறிய இருபத்தெட்டுப் பேரில் ஐந்து பேரை ‘மலபார்கள்’ என்று ஆவணம் சொல்கிறது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் தமிழர்களைத்தான் பெரும்பாலும் அப்படி எழுதினார்கள். ஆகவே அந்தக் கடல் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல.

மூச்சு என்ற பிரச்சினை

மனிதன் தண்ணீருக்கடியில் மூச்சுவிட ஆசைப்பட்டது நேற்று இன்று அல்ல. நம் பழைய திரைப்படங்களில் கதாநாயகன் எதிரிகளிடமிருந்து தப்பக் குளத்தில் மூழ்கி, நாணல் குழாய் வழியாக மூச்சுவிடுவான். ஒரு முழ ஆழத்துக்குச் சரி. ஒரு ஆள் ஆழத்தில் நடக்காது. தண்ணீரின் பாரம் நெஞ்சை அமுக்கும். மேலேயிருந்து வரும் சாதாரணக் காற்றை உள்ளே இழுக்க விலா எலும்புகளுக்கு வலு போதாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. ஆகவே எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றும் வந்து சேர வேண்டும். மூழ்குபவரின் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

1860-களிலேயே ரூக்கேரோல் என்ற சுரங்கப் பொறியாளரும் தெனேரூஸ் என்ற கடற்படை அதிகாரியும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆனால் அன்றைய உலோகக் கலங்களில் அதிகக் காற்றை அடைக்க முடியவில்லை. மேலே படகிலிருந்து குழாயில் காற்று அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அவர்கள் பெயரை உலகறியச் செய்தவர் கதாசிரியர் ழூல் வெர்ன். 1869-70-ல் வெளிவந்த ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் கேப்டன் நேமோ தன் ஆட்களுக்கு மாட்டிவிடுவது அந்தக் கருவியைத்தான், படகும் குழாயும் இல்லாமல்! கற்பனையாளருக்கு அந்தச் சலுகை உண்டு.

அந்த நாவலை நாங்கள் பள்ளியில் வாசிப்புப் பாடமாகப் படித்தோம். பிரெஞ்சுப் புத்தகத்தில் திடீரென்று மன்னார் வளைகுடா வந்தபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏழை முத்துக்குளிக்கும் ஆள் ஒருவன் கல்லின் பாரத்தால் கீழே இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குகிறான். சுறா ஒன்று அவன்மேல் பாய்கிறது. நேமோ கத்தியுடன் குறுக்கே விழுகிறார். நெட் லேண்ட் என்ற ஈட்டிக்காரன் சுறாவைக் கொல்கிறான். பிழைத்து எழுந்தவன் கையில் நேமோ ஒரு பை நிறைய முத்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இந்த நேமோ யார் தெரியுமா? பின்னால் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில், ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற பந்தேல்கண்ட் இளவரசர் என்று வெர்ன் சொல்லிவிடுகிறார். கடலடி மனிதனைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கதையின் நாயகன் ஓர் இந்தியன்.

நம் முத்துக்குளிப்பவர்களுக்கு எந்தக் கருவியும் இல்லை. ஒரு கல், ஒரு கயிறு, ஒரு கூடை, மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள். ‘கடல் கட்டி’ என்று ஒருவரும் உண்டு. கரையிலோ படகிலோ இருந்தபடி மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. அவருக்கும் சிப்பியில் பங்கு போகும். கடைசியாகத் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்குள் உலகின் மறுபக்கத்தில் கல்லும் கயிறும் தேவையில்லாத காலம் பிறந்துவிட்டது.

போர்க்காலத்தில் பிறந்த கருவி

குஸ்தோ 1910-ல் போர்தோ பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். கடற்படையில் விமான ஓட்டியாக ஆசைப்பட்டார். 1936-ல் நடந்த கார் விபத்தில் கைகள் நொறுங்கி அந்த ஆசை போயிற்று. கைகளுக்குப் பலம் வரட்டும் என்று துலோன் கடற்கரையில் நீந்தினார். அங்கே ஒரு நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் நுழைத்துப் பார்த்தவர், பிறகு ஆயுள் முழுதும் வெளியே எடுக்கவில்லை என்றே சொல்லலாம். தையே என்ற கடற்படை நண்பரும், துய்மா என்ற மீன் வேட்டைக்காரரும் கூட்டுச் சேர்ந்தார்கள். துய்மா ஈட்டியால் மீன் குத்துவதில் மன்னன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1942 இறுதி. பிரான்சு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பெட்ரோல் கிடையாது. நம் பக்கத்திலும் போர்க்காலத்தில் பின்னால் உலையைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் பஸ்கள் ஓடியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பிரான்சிலும் அதே கதை. ‘ஏர் லிக்கீட்’ என்ற வாயு நிறுவனத்தில் எமில் கான்யான் என்ற பொறியாளர், கார் என்ஜினுக்கு வேண்டும்போது மட்டும் வாயுவைத் திறந்துவிடும் ஒரு வால்வைச் செய்துகொண்டிருந்தார். குஸ்தோவின் மாமனார் அந்த நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் மூலம் இருவரும் சந்தித்தார்கள். என்ஜினுக்குப் பதில் மனிதன். அவன் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று வரவேண்டும், அதுவும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தில்.

தத்துவம் எளிமையானது. ஒரு சின்னப் பெட்டிக்குள் ரப்பர் சவ்வு. அதன் ஒரு பக்கம் கடல் நீர், மறுபக்கம் மூச்சுக் காற்று. நீங்கள் மூச்சை இழுத்ததும் காற்றுப் பக்கம் அழுத்தம் குறைகிறது. நீர் சவ்வை உள்ளே தள்ளுகிறது. சவ்வு ஒரு நெம்புகோலை அமுக்க, சிலிண்டரின் வாய் திறக்கிறது. இரண்டு பக்கமும் சமமானதும் மூடிக்கொள்கிறது. எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது கடலே! அதற்கு முன் ல ப்ரியேர் என்பவர் செய்த கருவியில் காற்று ஓயாமல் வீணாகிக்கொண்டிருந்தது. வால்வைக் கையால் திருப்பவேண்டும். கொமேன் என்ற இளைஞரும் தானாக இயங்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அவர் 1944-ல் ஸ்திராஸ்பூர் விடுதலைப் போரில் மாண்டுபோனார். வரலாற்றில் யார் பெயர் நிற்கிறது என்பதில் விதிக்கும் பங்கு உண்டு.

1943 ஜனவரியில் பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் முதல் சோதனை. குஸ்தோ படுத்த வாக்கில் இருந்தால் ஒழுங்காக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று கொட்டியது. தலைகீழானால் மூச்சு முட்டியது. வெளிமூச்சு போகும் துவாரம் சவ்வின் மட்டத்தில் இல்லாததுதான் காரணம் என்று கண்டு, இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தார்கள். சரியாகிவிட்டது. ஜூன் மாதம் பந்தோல் ரயில் நிலையத்துக்குப் பார்சலில் கருவி வந்தது. குஸ்தோ அதைக் கட்டிக்கொண்டு மத்தியதரைக் கடலில் இறங்கினார். அன்றே ஒரு பாறைக் குகையில் சிங்கி இறால்கள் கூட்டமாய் இருப்பதைப் பார்த்து, பிடித்துப் பிடித்து மேலே நீந்திக்கொண்டிருந்த மனைவி சிமோனிடம் கொடுத்தார். போர்க்காலப் பசி. குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கருவியோடு கடலுக்குள் போன முதல் நாளே மனிதன் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பதையும் பதிவு செய்யத்தான் வேண்டும்.

உயிர்ப்பலிகளும் இருந்தன. ஆழம் போகப்போகக் காற்றிலுள்ள நைட்ரஜன் மதுவைப்போல் தலைக்கேறும். ‘ஆழத்தின் போதை’ என்று பிரெஞ்சில் அழகான பெயர். எவ்வளவு ஆழம் தாங்கும் என்று பார்க்க 1947-ல் இறங்கிய ஃபார்க் என்ற சக மூழ்கியவரைப் பிணமாகத்தான் மேலே இழுத்தார்கள். சட்டென்று மேலே வந்தாலும் ஆபத்து. கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குகிறதே, அதுபோல ரத்தத்தில் கரைந்திருந்த வாயு குமிழியிடும். மூட்டில் வலி முதல் பக்கவாதம் வரை போகும். இன்று மூழ்குபவர் ஒவ்வொருவரும் பாடமாகப் படிக்கும் இந்த விதிகளுக்குப் பின்னால் இப்படிச் சிலர் உயிர் இருக்கிறது.

கலிப்ஸோவும் ழோழோவும்

போர் முடிந்தது. 1950-ல் குஸ்தோவுக்கு ஒரு கப்பல் கிடைத்தது. அமெரிக்காவில் கட்டப்பட்டு, ஆங்கிலேயக் கடற்படைக்குக் கண்ணிவெடி அகற்றி, பிறகு மால்டா தீவில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த மரக்கப்பல். பெயர் கலிப்ஸோ. கின்னஸ் குடும்பத்துச் செல்வந்தர் ஒருவர் வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்கு வாடகைக்குக் கொடுத்தார். கப்பல் கிடைத்தாலும் செலவுக்குப் பணம்? 1954-ல் பாரசீக வளைகுடாவில் அபுதாபி பக்கம் எண்ணெய் தேடும் ஆங்கிலேய நிறுவனத்துக்காகக் கடலடிக் கற்களைப் பெயர்த்துக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். 1955-ல் செங்கடல் வழியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார்கள், வண்ணப் படம் எடுக்க. கூட இயக்கியவர் லூயி மால். அப்போது அவருக்கு இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுதான்.

அப்படித்தான் அவர்கள் அஸம்ப்ஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். தரையில் பார்க்க அங்கே அதிகம் மிச்சமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பறவை எச்ச உரத்துக்காக அந்தத் தீவைச் சுரண்டியிருந்தார்கள். ராட்சத நில ஆமைகள் அற்றுப்போயிருந்தன. அபட் என்ற அமெரிக்கர் பெயரால் வழங்கும் ஒரு கடற்பறவையை முதலில் கண்டெடுத்ததே அந்தத் தீவில்தான். அதுவும் அங்கே அழிந்துவிட்டது. இன்று அந்தப் பறவை கூடு கட்டுவது உலகத்தில் ஒரே இடத்தில், கிறிஸ்துமஸ் தீவில் மட்டும். ஆனால் தண்ணீருக்கடியில் அதுவரை யாரும் கை வைத்திருக்கவில்லை. மனிதனையே பார்த்திராத மீன்களுக்குப் பயம் என்பது தெரியாது.

அங்கேதான் ழோழோ. பிரெஞ்சில் ‘மெரூ’, நம் பெரிய மார்க்கெட்டில் களவா என்று விற்கிறார்களே, அந்த இனம். ஆனால் ஒரு பையன் உயரம். மூழ்கியவர்கள் பையிலிருந்து இறைச்சி கொடுத்தார்கள். மறுநாள் முதல் அது வீட்டு நாய்போல் பின்னாலேயே வந்தது. மற்ற மீன்களுக்குச் சாப்பாடு வைத்தால் குறுக்கே புகுந்தது. ஒருவரோடு சுற்றிச் சுற்றி நீந்தியதைப் படத்தில் நடனம்போல் இசையோடு சேர்த்திருப்பார்கள். தொல்லை பொறுக்கமாட்டாமல் கடைசியில் சுறாவுக்குப் பயந்து மனிதன் ஒளிந்துகொள்ளக் கொண்டுவந்த இரும்புக் கூண்டில் அதை அடைத்துவிட்டு மற்ற மீன்களுக்கு இரை போட்டார்கள். வெளியே விட்டதும் அது கோபிக்கவில்லை. மறுபடி பின்னால் வந்தது.

‘மௌன உலகம்’ என்ற அந்தப் படம் 1956-ல் கான் விழாவில் தங்கப் பனையோலை விருது பெற்றது. அதே ஆண்டு அதே விழாவில்தான் நம் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கும் சிறந்த மனித ஆவணம் என்று விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு ‘மௌன உலகம்’ ஆஸ்கரும் வாங்கியது. 1960-களில் எங்கள் பள்ளியில் அதைத் திரையிட்டார்கள். ஆழத்தில் சிவப்பு நிறம் முதலில் மறைந்துவிடும்; எல்லாம் நீலச் சாம்பலாய்த் தெரியும். மூழ்கியவர்கள் விளக்கைப் பொருத்தியதும் ரத்தச் சிவப்பும் மஞ்சளும் வெடித்துக்கொண்டு வந்தன. இரவும் பகலும் கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அதற்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அதே படத்தில் இருப்பவை

ஆனால் அந்தப் படத்தில் ழோழோ மட்டும் இல்லை. ஒரு காட்சியில் பவளப்பாறைக்கு வெடி வைக்கிறார்கள். செத்து மிதக்கும் மீன்களைக் கரையில் பரப்பி எண்ணுகிறார்கள். எந்தெந்த இனம் இருக்கிறது என்று கணக்கெடுக்கவாம். வெடி வைத்து மீன் பிடிப்பது நாசவேலை என்று படத்தின் குரலே சொல்லிவிடுகிறது. ஆனால் விஞ்ஞானத்துக்கு வேறு வழியில்லை என்று அடுத்த மூச்சில் முடித்துக்கொள்கிறது. இன்னொரு காட்சியில் ஒரு தீவில் ஆமைகளின் முதுகில் ஏறி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொடுமை திமிங்கிலக் குட்டி. எண்ணெய்த் திமிங்கிலக் கூட்டம் ஒன்றைக் கலிப்ஸோ பின்தொடர்கிறது. குட்டி ஒன்று கப்பலின் சுழல்விசிறியில் அடிபட்டுக் கிழிபடுகிறது. துன்பத்தை முடிக்கிறோம் என்று சுட்டுக் கொல்கிறார்கள். ரத்த வாடைக்குச் சுறாக்கள் வந்து மொய்க்கின்றன. உடனே மாலுமிகளுக்கு ஆத்திரம். குட்டிக்காகப் பழிவாங்குவதுபோல் சுறாக்களை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி மேல்தளத்தில் இழுத்துப் போட்டுக் கோடரியால் வெட்டுகிறார்கள். குட்டியைக் கிழித்தது சுறா அல்ல, கப்பல்.

இதுவும் வெர்ன் எழுதியதுதான் என்று எனக்குத் தோன்றும். கேப்டன் நேமோ ஓரிடத்தில், வீணாகக் கொல்லாதே என்று திமிங்கில வேட்டையைத் தடுக்கிறார். சற்று நேரத்தில் எண்ணெய்த் திமிங்கிலங்கள் கொடியவை என்று சொல்லி, அந்தக் கூட்டத்தையே தன் கப்பலால் கிழித்துப் போடுகிறார். ஒரு உயிர் நல்லது, இன்னொரு உயிர் கெட்டது என்று மனிதன் பங்கு பிரிக்கிறான். எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அதே பங்கீடு. நம் கடல் கட்டி சுறாவின் வாயை மந்திரத்தால்தான் கட்டினார். அந்த மந்திரம் பலித்ததோ இல்லையோ, சுறா செத்ததில்லை.

என் பேத்தி அந்தமானில் ஸ்கூபா பழகியவள். போன கோடையில் இந்தப் படத்தைக் கணினியில் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். வெடிக் காட்சியிலேயே எழுந்துவிட்டாள்.

“இதைப் போய் உலகத்துச் சிறந்த படம்னு சொல்றீங்களே தாத்தா! எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தர்றது, எதையும் தொடாதேன்னுதான். காலால ஒரு பவளத்தை உதைச்சாலே திட்டுவாங்க. இவங்க குண்டு வைக்கிறாங்க. இதையெல்லாம் பிள்ளைங்களுக்குக் காட்டவே கூடாது.”

“அந்தத் தொடாதேங்கிற விதியை முதல்ல யார் எழுதினாங்கம்மா?” என்று கேட்டேன்.

“இவங்க எழுதலை, தாத்தா. இவங்களைப் பாத்துப் பயந்துபோய் வேற யாராவது எழுதியிருப்பாங்க” என்றாள். கெட்டிக்காரி.

அவள் சொன்னதில் பாதி உண்மை. மற்ற பாதியையும் சொல்லவேண்டும். அதே குஸ்தோ 1960-ல், பிரெஞ்சு அரசு அணுக் கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டத் திட்டமிட்டபோது முன்னால் நின்று எதிர்த்தார். திட்டம் கைவிடப்பட்டது. தான் ஒரு காலத்தில் மீன்கூட்டம் கண்ட இடங்கள் வெறிச்சோடிப் போனதைத் திரும்பத் திரும்பச் சென்று பார்த்தவர் அவர். 1973-ல் கடலைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டக்கூடாது என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார். 1991-ல் மாட்ரிட்டில் அதற்குத் தடை விதித்து உடன்படிக்கை ஆயிற்று. 1996-ல் கலிப்ஸோ சிங்கப்பூரில் ஒரு படகு மோதி மூழ்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 25-ல் அவரும் போய்விட்டார். ஈட்டியும் வெடியுமாகத் தொடங்கியவர் முடிந்த இடம் இது. கடலுக்குள் இறங்கி நெடுநேரம் இருந்ததால்தான் அந்த மாற்றம் வந்தது என்பது என் கணிப்பு. கருவி 1943-ல் மூச்சைக் கொடுத்தது. பார்வை வர இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

பிரெஞ்சுக்காரர்களை மட்டும் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. மன்னார் வளைகுடாவில் நம்மவர்களும் வெடி வைத்து மீன் பிடித்ததுண்டு. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் பெயர்த்துப் பெயர்த்து, இருபத்தொரு தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. 1986-ல் அந்தத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001-ல் பவளத்தைப் புலி, யானைக்கு நிகராகச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் கை கொஞ்சம் ஓய்ந்தது.

வெப்பக் கடலின் வெப்பம்

இப்போது வெடி வைக்காமலே பவளம் சாகிறது. பவளம் என்பது கல் அல்ல. நுண்ணிய உயிர்களின் குடியிருப்பு. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது. நிறமும் அந்தப் பாசியால்தான். கோடை வெப்பத்துக்கு மேல் ஓரிரண்டு டிகிரி பல வாரம் நீடித்தால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். உடனே வெளிறும். வெப்பம் தணியாவிட்டால் பட்டினியால் செத்துப்போகும். 1998-ல் இந்தியப் பெருங்கடல் அப்படிச் சூடேறியது. செஷல்ஸின் உள்தீவுகளைச் சுற்றி உயிருள்ள பவளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் போய்விட்டது. 2016-ல் மறுபடியும் ஒரு அடி. இதற்குக் காரணமான புகையில் என் ஸ்கூட்டர் புகையும் உண்டு, அபுதாபிக் கடலடியில் கலிப்ஸோ தேடிக்கொடுத்த எண்ணெயும் உண்டு.

நல்லதும் நடந்திருக்கிறது. அஸம்ப்ஷனுக்கு அடுத்த தீவு அல்தாப்ரா. 1960-களில் அங்கே ஆங்கிலேயர் விமானத் தளம் கட்ட இருந்தார்கள். விஞ்ஞானிகள் கிளப்பிய எதிர்ப்பும் அரசின் பணமுடையும் சேர்ந்து 1967-ல் அது நின்றது. 1968-ல் அங்கே பேராமை பிடிப்பதைத் தடை செய்தார்கள். சூப்புக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றுமதியான ஆமைகள் அவை. ஐம்பது ஆண்டுகளில் முட்டையிட வரும் ஆமைகள் பல மடங்கு பெருகிவிட்டன. 1982-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. விட்டுவிட்டால் கடல் மன்னிக்கும், ஆனால் ஐம்பது ஆண்டு கேட்கும்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா கூடாதா என்ற பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்பு பார்த்தவன் நான். அரசு அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. பழைய குறிப்பு எவ்வளவு தவறாக இருந்தாலும் அந்தத் தாளைக் கிழிக்கக் கூடாது. மை ஊற்றி மறைக்கவும் கூடாது. அதன் கீழே தேதி போட்டு, ஏன் தவறு என்று புதிய குறிப்பு எழுதவேண்டும். கிழித்துவிட்டால் அடுத்து வருகிறவர் அதே தவறான குறிப்பை நல்ல கையெழுத்தில் மறுபடி எழுதுவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

‘மௌன உலகம்’ அப்படிப்பட்ட ஒரு பழைய தாள். கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னதும் அதுதான், அதைப் பார்த்ததும் மனிதன் கை எங்கே போயிற்று என்று காட்டுவதும் அதுதான். இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே கையெழுத்தில். ழோழோவை வெட்டி எடுத்துவிட்டு வெடியை மட்டும் காட்டுவதும் தப்பு. வெடியை மறைத்து ழோழோவை மட்டும் காட்டுவதும் தப்பு. கீழே அடுத்த குறிப்பை எழுதவேண்டியவர்கள் என் பேத்தி வயதுக்காரர்கள். எழுதுமுன் பழைய பக்கத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு எழுதட்டும்.